‘அநாதை’களை உற்பத்தி செய்யும் சாதி

‘அநாதை’ என்கிற சொல்லை முதலில் பிடித்து உலுக்க வேண்டியிருக்கிறது. நாதன் இல்லாதவன் அநாதன். அதுதான் நம் வாயில் அநாதை ஆயிற்று. நாதன் என்றால் யார்? உடையவன், எசமானன், தலைக்கு மேலே உட்கார்ந்திருப்பவன். நம்மூரில் ஆண்டை என்போமே, அவன்தான். மேலே ஓர் ஆண்டை இல்லாத உயிருக்குச் சமஸ்கிருதம் வைத்த பெயர் இது. இந்தக் கணக்கில் பார்த்தால் சேரியில் பிறக்கிற பிள்ளை ஒவ்வொன்றும் அநாதையாக வேண்டும் என்றுதான் நாம் நூறு வருஷத்துக்கும் மேலாகப் போராடிக்கொண்டிருக்கிறோம்! ஆனால் சொல் அப்படியா புழங்குகிறது? கண்ணீரோடு புழங்குகிறது. நன்கொடை ரசீதோடும், பிறந்த நாளைக்குக் கேக் வெட்ட காப்பகத்துக்கு வருகிற குடும்பங்களின் புகைப்படத்தோடும் புழங்குகிறது.

சேரியில் யாரும் இப்படிச் சொல்வதில்லை. “தாய் தகப்பன் இல்லாத புள்ள” என்பார்கள். இந்தப் பேச்சில் இல்லாதவர் யார் என்பது தெளிவாக இருக்கிறது. ஏன் இல்லை என்கிற அடுத்த கேள்வியையும் கேட்க முடிகிறது. ‘அநாதை’ அந்தக் கேள்வியை விழுங்கிவிடுகிறது. வானத்திலிருந்து விழுந்த பிள்ளை மாதிரி, யாரும் எதுவும் செய்யாமலே விதியால் அப்படி ஆன பிள்ளை மாதிரி காட்டுகிறது. நம் பிள்ளைகள் விஷயத்தில் இது பச்சைப் பொய்.

தகப்பன் ஏன் இல்லை? மலக்குழிக்குள் இறக்கிவிட்டார்கள், செத்தான். 1993இலேயே கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து சட்டம் வந்தது. அது போதாதென்று 2013இல் இன்னொரு சட்டம். 1993க்குப் பிறகு குழிக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் செத்தவர்கள் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்ட கணக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அதில் மாநில வாரியாக முதலிடம் யாருக்கு? சமூகநீதி மண் என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொள்கிற தமிழ்நாட்டுக்கு. இருநூறுக்கும் மேலே. செத்தவன் எந்தச் சாதி என்று எந்த முதலமைச்சரும் அறிக்கையில் எழுதுவதில்லை. எழுதத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவன் எத்தனை பிள்ளைகளை விட்டுவிட்டுச் செத்தான் என்கிற கணக்கை எவனாவது எடுத்தானா? நான் பார்த்த அளவில் செத்தவர்கள் முக்கால்வாசிப்பேர் இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதுக்காரர்கள். அந்த வயதில் செத்தால் பின்னால் நிற்பது பால்குடி மாறாததும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததுமாகச் சின்னஞ்சிறுசுகள்தான்.

மலக்குழி மட்டுமல்ல. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்களே, மறுநாள் காலையில் அந்தத் தெருவில் உயிரோடு இருந்த பிள்ளைகள் யார் மடிக்குப் போனார்கள்? 1997 ஜூன் 30இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் இன்னும் ஆறு பேரையும் வெட்டிச் சாய்த்தார்கள். அன்றைக்குச் செத்தவர்களை எண்ணினோம். தகப்பனை இழந்தவர்களை எண்ணவில்லை. சாதி கொல்வதோடு நிறுத்திக்கொள்வதில்லை. அடுத்த தலைமுறையைத் தனியே விட்டு, பட்டினி போட்டு, செங்கல் சூளைக்கும் பஞ்சாலைக்கும் முன்பணத்துக்கு அனுப்பி, மறுபடியும் அதே குழியின் ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. இதுதான் உற்பத்தி. ‘அநாதை’ அதன் விளைபொருள்.

சாவு நடந்த வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று ஒரு பதினாறு நாள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் இந்தத் தேசத்தின் கட்டமைப்பு முழுசும் விளங்கிவிடும். முதல் நாள் போலீஸ் வரும். “கேஸ் வாணாம், காண்ட்ராக்டரு ரெண்டு லட்சம் தர்றேங்கறாரு” என்று ஒரு கவுன்சிலர் வருவார். அப்புறம் கட்சிக்காரர்கள். பிறகு நம் ஆட்கள் சுவரொட்டியோடு வருவார்கள். பத்து நாள் கழித்து, எல்லோரும் போன பிறகு, ஒரு வேன் வரும்.

எங்கள் மாவட்டத்தில் சில வருஷங்களுக்கு முன்பு அப்படி ஒரு வேன் வந்தபோது நான் அந்த வீட்டில் இருந்தேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிச் செத்தவருக்கு இரண்டு பிள்ளைகள். தாய் இரண்டாவது பிரசவத்திலேயே போய்விட்டாள். இருந்தது ஆயா மட்டும், தகப்பனைப் பெற்றவள். நூறு நாள் வேலைக்குப் போகிறவள். வேனிலிருந்து ஓர் அம்மாவும் கேமரா வைத்திருந்த ஓர் ஆளும் இறங்கினார்கள். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளை நிற்க வைத்தார்கள். சின்னது கேமராவைப் பார்த்துச் சிரித்தது. “சிரிக்காம நில்லு கண்ணு” என்றார் கேமராக்காரர். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது அந்த ஒரு வாக்கியத்தை நினைத்துத்தான். பிறகு அந்த அம்மா ஒரு படிவத்தை நீட்டி, “பாட்டிம்மா, நீங்க வயசானவங்க. புள்ளைங்கள நாங்க எடுத்துக்கறோம். சோறு, துணி, இங்கிலீஷ் படிப்பு, எல்லாம் ஃப்ரீ. ஒரு கைநாட்டு வச்சிடுங்க” என்றார்.

ஆயா படிவத்தைப் பார்க்கவே இல்லை. “எம்புள்ள செத்துட்டான்னா எம்பேரப்புள்ளைங்களும் செத்துடுச்சிங்களா? எடுத்துக்கறன்றியே, எடுத்துக்னு போறதுக்கு அதுங்க இன்னா பொணமா?” என்றாள்.

குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு இருக்கிறதா என்று நான் கேட்டேன். “அதெல்லாம் அப்புறமா வாங்கிக்கலாம் தம்பி” என்றார்கள். அப்புறமா! இளைஞர் நீதிச் சட்டம் 2015 தெளிவாகச் சொல்கிறது: பராமரிப்பு தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் கொண்டுவந்தாக வேண்டும், பதிவில்லாத காப்பகம் நடத்துவது குற்றம், நிறுவனத்தில் கொண்டுபோய் அடைப்பது வேறு எந்த வழியும் இல்லாதபோது எடுக்கும் கடைசி நடவடிக்கையாக மட்டுமே இருக்க வேண்டும். சட்டத்தில் கடைசி. சேரியில் அதுதான் முதல். ஊருக்குள், சாதி இந்து வீட்டில் ஒரு தகப்பன் செத்தால் பத்தாம் நாள் வேன் வருகிறதா என்று தோழர்கள் விசாரித்துப் பாருங்கள்.

காப்பகங்களில் இருக்கிற பிள்ளைகளில் தாய் தகப்பன் இருவருமே இல்லாதவர்கள் கொஞ்சம்தான். பெரும்பாலானவர்களுக்குத் தாய் இருக்கிறாள், இல்லையென்றால் ஆயா, அத்தை, சித்தி இருக்கிறார்கள். இல்லாதது பணம். பணமில்லை என்பதற்காகப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கிறோம் என்றால் அதற்குப் பெயர் தருமமா? அந்தப் பிள்ளைக்காகக் காப்பகத்துக்கு வந்து சேரும் நன்கொடையில் பாதியை அந்தத் தாய் கையில் கொடுத்திருந்தால் பிள்ளை அவள் கூடவே வளர்ந்திருக்கும். ஆனால் தாய்க்குக் கொடுத்தால் ரசீது போட முடியாது, வரிவிலக்கு கிடையாது, கல்வெட்டில் பேர் பொறிக்க முடியாது.

நான் எல்லாக் காப்பகங்களையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளை வெளியே நிற்க வைத்த காலத்தில் மிஷன் விடுதிகளில்தான் நம் பாட்டன்மார் எழுத்தறிந்தார்கள். 1916இல் சிதம்பரத்தில் சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டபோது அது நம் கையால் நாம் கட்டிய கூரை. அந்த வரலாற்றை மறுக்கிறவன் நன்றி கெட்டவன். ஆனால் கூரை கட்டுகிறவன் யார், எதற்குக் கட்டுகிறான், உள்ளே போன பிள்ளை யாராக வெளியே வருகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 2022 அக்டோபரில் திருப்பூர் பக்கம் திருமுருகன்பூண்டியில் ஒரு தனியார் காப்பகத்தில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் மூன்று சிறுவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அதை மூட உத்தரவு வந்தது. பிணம் விழுந்தால்தான் ஆய்வு என்பது எந்த ஊர் நியாயம்?

உள்ளே போன பிள்ளை யாராக வெளியே வருகிறது என்றேன். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், மாணவத் தோழர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஓர் இனம் இருக்கிறது. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள யாருமில்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளிகளிலோ இல்லங்களிலோ சேர்க்கப்பட்ட ஆதரவற்ற குழந்தைகளும் பிற்படுத்தப்பட்டோராம். சாதி தெரியாத பிள்ளைக்கு ஏதாவது ஒரு வழி வேண்டும் என்கிற வகையில் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் சாதி தெரிந்த பிள்ளையின் காகிதங்கள் தொலைந்துபோனால்? தகப்பன் பேரில் சான்றிதழ் இல்லை, தாய் பேரில் இல்லை, காப்பகத்துக்குப் போன நாளிலிருந்து ஊரோடு தொடர்பு இல்லை, பதினேழு வயதில் கல்லூரி விண்ணப்பம் நிரப்பும்போது யார் போய் எந்த வட்டாட்சியர் முன்னால் நிற்பது? காப்பகம் எது சுலபமோ அதை வாங்கிக் கொடுக்கும். குழிக்குள் இறங்கும்போது தகப்பன் பட்டியல் சாதி. அந்தச் சாவினால் அநாதையான பிள்ளை அந்தப் பட்டியலிலிருந்தே காணாமல் போகிறது.

இன்னொரு வாசலும் இருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரானவர் அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர். நான்கு வயதில் காப்பகத்துக்குப் போய் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை தன் உரிமையை இழந்ததை அறிவதற்குப் பதினைந்து வருஷம் ஆகும். அந்தப் பிள்ளையா மதம் மாறியது? 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கைக்குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண்ணுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது என்று தீர்த்துவிட்டது. உடனே இதைப் பிடித்துக்கொண்டு, “பார்த்தீர்களா, மிஷனரிகள் செய்த வேலையை” என்று காவிக்காரன் நம் தெருவுக்குள் வருவான். அவனுக்கும் சேர்த்தே சொல்கிறேன். குற்றவாளி ஞானஸ்நானம் அல்ல, அந்த ஆணை. மதம் மாறினால் சாதி போய்விடும் என்று சொல்கிற ஆணை, மதம் மாறியவனைத் தனிக் கல்லறையில் புதைக்கிற ஊருக்கு என்ன பதில் வைத்திருக்கிறது? நீ நடத்துகிற ஆசிரமத்தில் மட்டும் எங்கள் பிள்ளை எங்கள் பிள்ளையாகவா இருக்கிறது? கறி தின்னக் கூடாது என்றுதானே முதல் பாடம்.

இப்போது அரசுக்கு வருவோம். அரசிடம் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். சட்டம் கொட்டிக்கிடக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளை 2016இல் திருத்தியபோது, கொலையுண்டவரின் குடும்பத்துக்கு எட்டே கால் லட்சம் நிவாரணம் என்பதோடு நிறுத்தவில்லை. மனைவிக்கோ சார்ந்திருப்பவருக்கோ மாதம் அடிப்படை ஓய்வூதியம் 5,000 ரூபாயும் அகவிலைப்படியும், பிள்ளைகளின் பட்டப்படிப்பு வரையிலான முழுக் கல்விச் செலவும் பராமரிப்பும், மூன்று மாதத்துக்கு அரிசி, பருப்பு, பாத்திரம் என்று எழுதியிருக்கிறது. மலக்குழிச் சாவுக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் பத்து லட்சம் என்றது. 2023 அக்டோபர் 20இல் அதை முப்பது லட்சம் ஆக்கி, பிள்ளைகளின் படிப்புக்கு வழி செய், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கொடு என்று உத்தரவும் போட்டது. நல்லது. ஆனால் நான் புரட்டிப் பார்த்த முதல் தகவல் அறிக்கைகளில் எல்லாம் கவனக்குறைவால் மரணம் என்றுதான் இருக்கிறது. பழைய 304ஏ, இப்போது 106. கையால் மலம் அள்ளவைப்பதே வன்கொடுமை என்று 2015 திருத்தம் சொல்கிறதே, அந்தப் பிரிவை ஏன் போடவில்லை என்று கேட்டால் எழுத்தர் கூரையைப் பார்க்கிறார். அந்தப் பிரிவு இல்லையென்றால் அந்தச் சட்டத்தின் நிவாரணத்தைப் பிள்ளைக்குக் கேட்டு வாங்க வழியில்லை. ஒரு எண்ணை மாற்றி எழுதி ஒரு பிள்ளையின் படிப்பைத் திருடுகிறார்கள்.

மனசு வைத்தால் இந்த அரசால் முடியும் என்பதற்குக் கொரோனா சாட்சி. 2021 மே 29 அன்று தமிழக அரசு அறிவித்தது: இரண்டு பேரையும் இழந்த பிள்ளைக்கு ஐந்து லட்சம் வைப்பு, உறவினர் வீட்டில் வளர்ந்தால் மாதம் 3,000, ஒருவரை இழந்த குடும்பத்துக்கு மூன்று லட்சம். அதே நாளில் ஒன்றிய அரசும் பி.எம். கேர்ஸ் பேரில் பத்து லட்சம் என்றது. கிருமி சாதி பார்க்கவில்லை, ஊரையும் கொன்றது. அதனால் பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆட்சியர்கள் வீடு வீடாக ஆள் அனுப்பினார்கள். குழி சேரியை மட்டும் கொல்கிறது. அங்கே கணக்கெடுக்க ஆள் வருவதில்லை. ஆயாதான் பேருந்து ஏற வேண்டும்.

நான் மேலே சொன்ன ஆயா ஏறினாள். எத்தனை முறை என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. இழப்பீட்டுத் தொகையைப் பிள்ளைகள் பேரில் வங்கியில் போட்டார்கள். வட்டியை எடுக்கக் காப்பாளர் சான்று வேண்டும், அதை நீதிமன்றத்தில் வாங்கி வா என்றார் மேலாளர். நீதிமன்றத்துக்கு வாரிசுச் சான்று வேண்டும். வாரிசுச் சான்றுக்குப் பிரசவத்தில் செத்த தாயின் இறப்புச் சான்று வேண்டும். அது பதிவே ஆகவில்லை. “உனுக்கும் இந்தப் புள்ளைங்களுக்கும் இன்னா சம்பந்தம்னு ப்ரூஃப் குடு” என்று ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள். ஆயா சின்னதைத் தூக்கி அந்த மேசை மேலே உட்கார வைத்தாள். “மூக்கப் பாரு சார்” என்றாள். வங்கியில் லட்சக்கணக்கில் பணம் கிடக்க, பிள்ளைகள் ரேசன் அரிசிக் கஞ்சி குடித்த மாதங்கள் அவை.

‘மிஷன் வாத்சல்யா’வில் ஆதரவுத் தொகை மாதம் 4,000 உண்டு. விதவையின் பிள்ளைக்கும் உண்டு, உறவினரிடம் வளரும் பிள்ளைக்கும் உண்டு. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000, மற்ற இடங்களில் 96,000 தாண்டக் கூடாது. 2025 செப்டம்பரில் தமிழக அரசு ‘அன்புக் கரங்கள்’ என்று மாதம் 2,000 தொடங்கியது. இரண்டு பேரையும் இழந்த பிள்ளைக்கு, அல்லது ஒருவரை இழந்து மற்றவரும் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் உள்ள பிள்ளைக்கு. வரவேற்கிறோம். ஆனால் இவையெல்லாம் சேரியில் எத்தனைப் பேருக்குத் தெரியும்? காப்பக வேன் வழி கண்டுபிடித்து வருகிற தெருவுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆள் வர வழி தெரியவில்லையா?

வீட்டில் வைத்து வளர்க்க முடியாத பிள்ளைக்கு விடுதி இருக்கிறதே என்பார்கள். 2025 ஜூலையில் அதற்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று பேர் மாற்றினார்கள். ஆதிதிராவிடர் என்கிற பலகை போனதில் எனக்கு வருத்தமில்லை. சோறு மாறியதா? 2023இல் உயர்த்திய பிறகு பள்ளி மாணவர் ஒருவருக்கு மாத உணவுப்படி 1,400 ரூபாய். முப்பதால் வகுத்துப் பாருங்கள். மூன்று வேளைக்கும் சேர்த்து நாற்பத்தாறு ரூபாய் சொச்சம். தீபாவளி விடுமுறைக்கு விடுதியைப் பூட்டும்போது போக வீடில்லாத பிள்ளை எங்கே போகும் என்று எந்த அரசாணையும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தோழர்களில் சிலர் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். “ஆயா, அத்தைன்னு ரொம்பப் புனிதமாப் பேசாத. குடிகாரச் சித்தப்பன் வீட்டுல வளர்றதுக்கு ஆஸ்டல் மேல். பொம்பளப் புள்ளையா இருந்தா பதினாறு வயசுல தாய்மாமனுக்குக் கட்டி வெச்சிடுவானுங்க, இல்ல மில்லுக்கு அனுப்பிடுவானுங்க.” இது உண்மை. நான் மறுக்க மாட்டேன். திருமணத்துக்குப் பணம் சேர்த்துத் தருகிறோம் என்று மூன்று வருஷ ஒப்பந்தத்தில் பஞ்சாலைகள் அள்ளிக்கொண்டு போன பெண்பிள்ளைகளில் தகப்பனில்லாதவர்கள் எத்தனைப் பேர் என்று கேட்டால் நம் தலை தானாகக் குனியும். அக்கா என்று ஒருத்தி இருந்தால் போதும், பத்து வயதிலேயே அவளைத் தாயாக்கி, தம்பிக்குச் சோறு பொங்க வைத்துப் படிப்பை நிறுத்திவிடுகிற வேலையைச் சேரியும் செய்கிறது, இதில் பார்ப்பானைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சில வீடுகளிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் வேண்டும். அதற்குக் காப்பகம் வேண்டும், நல்ல காப்பகம், அதே ஊர்ப்பக்கம், அக்கா தம்பியைப் பிரிக்காத காப்பகம். என் வாதம் காப்பகமே கூடாது என்பதல்ல. வறுமையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைக்கூட வீட்டைவிட்டு எடுக்கக் கூடாது என்பது. எடுக்க வேண்டியதற்குக் காரணம் வன்முறையாக இருக்கட்டும், அதையும் நலக் குழு விசாரித்து எழுதட்டும்.

பாபாசாகேபுக்கு ஐந்து வயதில் தாய் பீமாபாய் இறந்துபோனார். வளர்த்தது யார்? அத்தை மீராபாய், முதுகு கூனிய ஓர் அத்தை. ராம்ஜிக்கு ராணுவ ஓய்வூதியம் என்று ஒரு வருமானம் இருந்தது, வீட்டில் புத்தகம் இருந்தது. அத்தையின் பாசம் மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. அத்தையும் வேண்டும், ஓய்வூதியமும் வேண்டும். அந்த இரண்டையும்தான் நான் கேட்கிறேன்.

பாசம் சேரியில் இருக்கிறது. சாவு விழுந்த அன்று ராத்திரி அந்தப் பிள்ளைகள் யார் வீட்டில் சாப்பிட்டன, யார் பாயில் படுத்தன என்று விசாரித்தால் தெரியும். தெருவே வளர்க்கும், ஒரு மாதம், இரண்டு மாதம். அப்புறம் அந்த வீட்டு உலையிலும் அரிசி குறைவுதானே. எனவே பணம் வேண்டும், அது ஆயா கைக்கு நேரே வர வேண்டும். நீதிமன்றத்துக்கு அலையவிடாமல் நலக் குழுவின் உத்தரவையே காப்பாளர் சான்றாக வங்கிகள் ஏற்க அரசாணை போட வேண்டும். இறுதிச் சடங்குக்குப் பணம் தருகிற அன்றே பிள்ளைகளின் சாதிச் சான்றிதழையும் வட்டாட்சியர் வீட்டுக்கே கொண்டுவந்து தர வேண்டும், தகப்பனின் காகிதங்கள் கரையான் அரிப்பதற்கு முன்னால்.

நம் இயக்கங்களிடமும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. வீரவணக்கச் சுவரொட்டிக்கு ஆகிற செலவு எவ்வளவு? பிணத்தை வாங்க மாட்டோம் என்று மூன்று நாள் மருத்துவமனை வாசலில் உட்காருகிற போர்க்குணம், மூன்றாம் மாதம் பள்ளிக்கூட வாசலில் ஏன் இல்லை? இழப்பீட்டுக் காசோலையோடு தலைவர் நிற்கிற படம் பத்திரிகையில் வருகிறது. அந்தப் பிள்ளை ஏழாவதோடு நின்றுவிட்டது எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. இழப்பீடு செத்தவனின் விலையல்ல, இருக்கிறவரின் உரிமை என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த ‘இருக்கிறவர்’ ஒன்றரையடி உயரத்தில் நிற்பதைக் கவனிக்க வேண்டும்.

கல்லூரித் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் மாவட்டத்தில் 2014க்குப் பிறகு குழியில் செத்தவர்கள், சாதிக் கொலையில் செத்தவர்கள், அவர்கள் வீடுகளுக்கு விடுமுறையில் போங்கள். பிள்ளைகள் எத்தனைப் பேர், யாரிடம் இருக்கிறார்கள், எத்தனையாவது படிக்கிறார்கள், மாத உதவி வருகிறதா, சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா, காப்பகத்தில் இருந்தால் நலக் குழு உத்தரவு இருக்கிறதா, கேட்டு எழுதுங்கள். கேமரா வேண்டாம். பிள்ளைகளின் பெயரை எங்களுக்கு அனுப்பவும் வேண்டாம், எண்ணிக்கை போதும். 2016 விதிகளின்படி எத்தனைப் பிள்ளைகளுக்குக் கல்விச் செலவு வழங்கப்பட்டது என்று மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், பத்து ரூபாய்தான். பதில் வந்தாலும் வராவிட்டாலும் மனுவின் நகலை இதழுக்கு அனுப்புங்கள். பத்து மாவட்டம் சேர்ந்ததும் அந்த எண்களோடு ஆயாக்களையும் அழைத்துக்கொண்டு கோட்டைக்குப் போவோம்.